ஈர மணல் மாதிரி

கண்ணமங்கலம்
3-3-2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி புருஷோத்தமன் எழுதுவது. இங்கே நானும் சிவசங்கரியும் பூஜாவும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

போன வாரம் ரங்கன் புளி ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து வந்தான். வேனை நம் மாவு மில்லுக்கு எதிரே நிறுத்தி டீ குடிக்கும்போது, "இன்னா மொதலாளி, ஒங்க அக்கா டீச்சரு வாரத்துக்கு ரெண்டு தபா திருப்பத்தூர் போயி ரத்தத்த சுத்தம் பண்ணிக்கினு வர்றாங்களே, பாவம்" என்றான். "தெரியும்டா" என்றேன். பொய். அவன் போன பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கேழ்வரகு அரைக்க வந்தவர்கள் சத்தம் போட்டார்கள்.

ஒன்பது வருஷம் ஆகிறது. அப்பாவின் காரியத்தன்று நான் உன்னைச் சொன்ன சொல்லை நீ மறந்திருக்க மாட்டாய். "அப்பா காலை வெட்டச் சொல்லி கையெழுத்துப் போட்ட கையோட இந்த வூட்டு வாசல மிதிக்காத" என்றேன். நான் வெளியூரிலிருந்து வந்து சேர இரண்டு நாள் நீ பொறுத்திருக்கலாம் என்ற எண்ணம் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. மறைத்து எழுதினால் கண்டுபிடித்துவிடுவாய், அதனால் சொல்கிறேன். அது ஒரு பக்கம் கிடக்கட்டும்.

விஷயம் இதுதான். எனக்குக் கிட்னி இரண்டு இருக்கிறது. ஒன்றை எடுத்துக்கொள். சிவசங்கரியிடம் சொன்னேன். மறுநாள் சோறு போடும்போது, "குடுக்கறதுன்னா சட்டுனு குடுத்துடு, அப்பறம் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டினே இருக்காத" என்றாள். அவள் சம்மதம் அவ்வளவுதான், அது போதும்.

போன் வேண்டாம். போனில் நாம் மூன்றாவது வார்த்தையில் சண்டைக்குப் போய்விடுவோம். எழுது.

உன் தம்பி,
புருஷோத்தமன்

* * *

ஜமுனாமரத்தூர்
12-3-2024

அன்புள்ள புருஷோத்துக்கு,

உன் கடிதத்தை முனியம்மாதான் படித்துக் காட்டினாள். பக்கத்து வீடு, பள்ளியில் சத்துணவு சமைப்பவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள் என்பதால் உன் யோசனை எனக்கு ஒவ்வொரு எழுத்தாக வந்து சேர்ந்தது. முடிந்ததும், "ஆம்பளைங்க சொல்லுவாங்க டீச்சர். ஊசியப் பாத்தா ஓடிப்புடுவாங்க" என்றாள். அவள் அபிப்பிராயத்தை அப்படியே உனக்குத் தெரிவிக்கிறேன்.

அடுத்த முறை பெரிய எழுத்தில், கறுப்பு மையில் எழுது. இரண்டு கண்ணிலும் லேசர் வைத்தாயிற்று. சின்ன எழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது.

என் நிலைமையை ஒரே தடவை சொல்லிவிடுகிறேன், பிறகு கேட்காதே. பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை. முதலில் கண். பிறகு கால்: ஐந்து வருஷத்துக்கு முன்னால் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். செருப்பில் கிடந்த சரளைக்கல் ஒரு பகல் முழுவதும் குத்தியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பிறகு கிட்னி. திங்கள், வியாழன் மலை இறங்கி டயாலிசிஸ். மற்ற நாள்களில் பள்ளிக்கூடம். கரும்பலகையில் பெரிது பெரிதாக எழுதுகிறேன், கடைசி பெஞ்சுக்காரர்களுக்கு அதில் சந்தோஷம். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். காபி, ரசம் எல்லாம் அதற்குள். பள்ளி ஆய்வுக்கூடத்திலிருந்து அரை லிட்டர் பீக்கர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். காலையில் அதில் ஒன்றரை அளந்து வைத்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

இறந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் மூன்று வருஷமாக என் பெயர் இருக்கிறது. முறை வந்தால் கூப்பிடுவார்கள்.

நீ சொன்னதற்கு வருகிறேன். இதைப் பரிகாரமாகத் தருவதாக இருந்தால் வேண்டாம். அப்பா விஷயத்தில் நான் செய்தது சரி. கால் முட்டி வரை கறுத்துவிட்டிருந்தது. இன்று அதே மேசையில் அதே தாளை வைத்தாலும் கையெழுத்துப் போடுவேன். அதற்குப் பிறகு அவர் நாற்பது நாள்தான் இருந்தார் என்பதற்கும், "எங்காலை எங்கடா போட்டீங்க" என்று உன்னைக் கேட்டார் என்பதற்கும் எனக்கும் வருத்தம் உண்டு. வருத்தம் வேறு, தவறு வேறு.

தருகிறவருக்குச் சர்க்கரை இருந்தால் எடுக்க மாட்டார்கள். நீ கடைசியாக எப்போது பரிசோதித்தாய்?

அன்புடன்,
இளவரசி

* * *

கண்ணமங்கலம்
24-3-2024

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்து இந்த அளவு போதுமா? இன்லண்ட் லெட்டர் வாங்கி எழுதியபோது இரண்டு பத்தியில் தாள் தீர்ந்துவிட்டது. பூஜா தன் காலேஜ் நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்து, "இன்னாப்பா, அத்தைக்கு லெட்டரா, எலெக்‌ஷனுக்கு சுவத்துல எழுதறியா" என்கிறாள்.

பரிகாரமும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ செத்துப்போனால் நான் யாரோடு கோபமாக இருப்பது? அதற்காகத்தான்.

சர்க்கரை எல்லாம் நான் பார்த்ததே இல்லை. எனக்கு எதற்கு? உன்னையும் அப்பாவையும் போல இனிப்பைத் தேடுகிற நாக்கு எனக்கில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை மில்லில் நின்றுகொண்டே வேலை செய்கிறவன். முனியம்மாவிடம் சொல், ஊசி குத்திக்கொண்டாயிற்று. ரத்தம் ஓ பாசிட்டிவ், உன்னுடையதேதான். வேலூர் ஆஸ்பத்திரியில் போய்ப் பேசினேன். முழுப் பரிசோதனைக்கு ஜூன் பத்தாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்குள் ஒரு வேலை இருக்கிறது. வைகாசியில் திரௌபதியம்மன் கோயில் தீமிதி. உனக்காகக் காப்புக் கட்டிக்கொண்டு இறங்குவதாக வேண்டிக்கொண்டேன். நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துக்கொள்.

வயசாகிறது அக்கா. நேற்று கடைத்தெருவிலிருந்து வீடு வரை ஒற்றைச் செருப்போடு வந்திருக்கிறேன். இன்னொன்று எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. சிவசங்கரி வாசலில் நின்று, "ஒண்ணு வூட்டுக்கு வந்துடுச்சி, இன்னொண்ணு யார் வூட்டுல?" என்று தெருவுக்கே கேட்கும்படி சிரிக்கிறாள்.

உன் தம்பி,
புருஷோத்தமன்

* * *

ஜமுனாமரத்தூர்
20-4-2024

அன்புள்ள புருஷோத்துக்கு,

எழுத்தின் அளவு சரி. இம்முறை நானே படித்தேன். முனியம்மாவுக்கு வருத்தம்.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் தேர்வுத்தாள் திருத்தும் வேலை என்று எழுதலாம். உண்மை அதுவல்ல. சரி என்று எழுத எனக்குப் பழக்கமில்லை. மூன்று வருஷமாக எதையும் எதிர்பார்க்காமல் இருக்கப் பழகி, அதில் ஓரளவு தேறியும் இருந்தேன். நீ கெடுத்துவிட்டாய்.

சரி. பரிசோதனையில் பொருந்தினால் வாங்கிக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை டயாலிசிஸ் நாற்காலியில் இருக்கும்போது நர்ஸிடம் ஒரு கேள்வி கேட்டேன். மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று. "மூணு லிட்டர் குடிக்கச் சொல்லுவாங்க மேடம். குடிக்கலன்னாதான் திட்டுவாங்க" என்றாள். அதை நான் நம்பவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து, இடையில் நிறுத்தாமல். இதையெல்லாம் எழுதுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தீமிதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கவனமாக இரு.

அன்புடன்,
இளவரசி

* * *

கண்ணமங்கலம்
21-5-2024

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மன் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இறங்கினேன். பத்து நாள் ஒருவேளைச் சாப்பாடு, கோயில் மண்டபத்தில் படுக்கை, மஞ்சள் வேட்டி. பகலில் துரியோதனன் படுகளக் கூத்து முடிந்து, குழியில் கட்டையை எரித்துத் தணலைக் கிளறிப் பரப்பினார்கள். எனக்கு முன்னால் நாற்பது பேர். ஓட்டமும் தாவலுமாகப் போனார்கள். எனக்கு முன்னே போன அன்பரசன் கரை ஏறியதும் கால் நனைக்கிற பால் குழியில் நின்று குதித்தான்.

நான் நடந்தேன் அக்கா. ஓடவில்லை. சும்மா சந்தைக்குப் போகிற மாதிரி நடந்தேன். சூடே இல்லை. ஈர மணல் மாதிரி இருந்தது. கரையில் பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி என் நெற்றியில் விபூதி வைத்து, "அருள் எறங்கினவன் ஓடமாட்டான், பாருங்கடா" என்று மற்றவர்களிடம் சொன்னார். அன்பரசன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பத்து வருஷமாகத் தீ மிதிக்கிறவன். "யோவ், காலா அது, கட்டையா?" என்று என் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான்.

திங்கட்கிழமை மில்லைத் திறந்தபோது பூஜாதான் கவனித்தாள். தரையில் மாவு மேல் நான் நடந்த இடமெல்லாம் வலது காலின் அடையாளம் சிவப்பாக விழுந்திருந்தது. உள்ளங்கால் தோல் உரிந்திருக்கிறது, விரல் பக்கம் கொஞ்சம் ஆழம். வலி என்று சொல்ல ஒன்றுமே இல்லை. மஞ்சள் அப்பிக் கட்டியிருக்கிறேன். வலியை அம்மன் வாங்கிக்கொண்டாள் என்றால் காரியம் முடிந்தது என்றுதானே அர்த்தம்? ஜூன் பத்தாம் தேதிக்கு நான் ரெடி. நீ தண்ணீர் குடிக்க ரெடியாக இரு.

உன் தம்பி,
புருஷோத்தமன்

* * *

ஜமுனாமரத்தூர்
28-5-2024, செவ்வாய்

புருஷோத்து,

இதை ரங்கன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பத்து மணிக்குள் உன்னிடம் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். போனில் சொன்னால் நீ ஏதாவது கேலி பேசி வைத்துவிடுவாய். காகிதத்தில் இருந்தால் சிவசங்கரியும் படிப்பாள். சிவசங்கரி, நீ படி.

மில்லை நிறுத்திவிட்டு இப்போதே வேலூர் போ. நடக்காதே. காலைக் கீழே ஊன்றாதே. ஆட்டோ வைத்துக்கொள். போனதும் முதலில் சர்க்கரையைப் பார்க்கச் சொல், பிறகு காலைக் காட்டு.

நெருப்பு சுடாமல் இல்லை. உன் காலுக்குத் தெரியவில்லை. எனக்குச் செருப்பில் கல் தெரியாத மாதிரி. செருப்பு கழன்று விழுந்ததும் அதனால்தான், வயசினால் அல்ல. வருஷக்கணக்கில் சர்க்கரை கவனிக்கப்படாமல் இருந்தால்தான் கால் இப்படி மரத்துப்போகும். உனக்கு எப்போதிலிருந்து இருக்கிறதோ தெரியாது. நீ பார்த்ததே இல்லை. பார்க்காததற்குக் காரணம் இனிப்பைத் தேடாத நாக்கு அல்ல, அப்பாவின் கால். எனக்கு அது புரிகிறது. ஆனால் இப்போது அதற்கு நேரமில்லை.

சாமி விஷயத்தில் உன்னோடு வாதம் செய்ய நான் வரவில்லை. அம்மன் உன்னைக் காட்டிக்கொடுத்தாள் என்று வைத்துக்கொள். அப்படி வைத்துக்கொண்டாவது போ.

சர்க்கரை இருந்தால் உன் கிட்னியை எடுக்க மாட்டார்கள். எடுக்கவும் கூடாது. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசாதே.

இளவரசி

* * *

வேலூர், ஆஸ்பத்திரி
1-6-2024

அன்புள்ள அக்காவுக்கு,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இதை ரங்கன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடிதத்தை சிவசங்கரி படித்தாள். நேராகப் போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். அரைத்துக்கொண்டிருந்த மிளகாய் அப்படியே நிற்க, ரங்கனும் அவளும் என்னைப் புளி மூட்டைக்கு நடுவே தூக்கி உட்கார வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சர்க்கரை 386. டாக்டர் அம்மா சின்ன வயசுக்காரி. "எவ்ளோ நாளா சுகர்?" என்றாள். "அரை மணி நேரமா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. குண்டூசி மாதிரி ஒன்றை வைத்துக் காலில் குத்திக் குத்தி, "தெரியுதா? இங்க? இங்க?" என்று கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, எப்போது குத்தப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் குத்தி முடித்துவிட்டிருந்தாள்.

மஞ்சளுக்கு அடியில் சீழ் எலும்பு வரை போயிருக்கிறது. சுண்டு விரலையும் அடுத்ததையும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். விட்டால் மேலே ஏறுமாம். "மூணு நாள் முன்னாடி வந்திருந்தா ஒரு வெரலோட போயிருக்கலாம்" என்றாள். நான் என்ன செய்வது, பூசாரியே விபூதி வைத்தாரே.

நீ பேசாதே என்று சொன்னதை ஒரே ஒரு தடவை பேசிவிடுகிறேன். உனக்குத் தருகிறேன் என்று சொல்லித் தராமல் போய்விட்டேன். மூன்று லிட்டர் என்று உன்னைக் கணக்குப் போட வைத்துவிட்டேன். அது என் கால் விரலைவிட வலிக்கிறது. விரல் வலிக்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

ஆபரேஷனுக்கு நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டார் ஒருவரும் போட வேண்டுமாம். சிவசங்கரி அழுகிறாள், பேனாவைத் தொடமாட்டேன் என்கிறாள். பூஜா சின்னப் பெண். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? சர்க்கரையை இறக்கிவிட்டுத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எடுக்கிறார்கள். அன்று உனக்கு டயாலிசிஸ் நாள் என்று தெரியும்.

அப்பாவுக்குப் போட்ட கையால் போடு. அந்த இரண்டு நாள் நீ ஏன் காத்திருக்கவில்லை என்று இந்தக் கட்டிலில் படுத்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது.

உன் தம்பி,
புருஷோத்தமன்

* * *

ஜமுனாமரத்தூர்
16-3-2025

அன்புள்ள புருஷோத்துக்கு,

மூன்று மாதம் வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்து இருந்துவிட்டு, தினமும் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, மலைக்குத் திரும்பிய நாலாம் நாள் கடிதம் எழுதுகிறேன். நேரில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது.

முதலில் செய்திகள். கிரியேட்டினின் 1.2, புதுக் கிட்னி நன்றாக வேலை செய்கிறது. மாத்திரைகள் சர்க்கரையை ஏற்றிவிடுகின்றன, இன்சுலினைக் கூட்டியிருக்கிறார்கள். கண் இனி இவ்வளவுதான், போன விரல் வளரப்போவதில்லை. ஆயுள் முழுக்க வேளை தவறாமல் மாத்திரை. கூட்டத்துக்குப் போகக் கூடாது என்பதால் சந்தைக்கு முனியம்மாதான் போகிறாள். மாஸ்க் போட்டுக்கொண்டு வாசலில் நின்றால், "இன்னா டீச்சர், பேங்க்குல கொள்ளையடிக்கப் போறாப்பல கெளம்பிட்டீங்க" என்கிறாள். வயிற்றின் வலப்பக்கம் கைவைத்தால் அது இருப்பது தெரிகிறது. பழைய இரண்டும் அவற்றின் இடத்திலேயே சும்மா இருக்கின்றன.

டிசம்பரில் பட்டியலில் என் முறை வந்துவிட்டதென்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது நான் அரையாண்டுத் தேர்வு ஹாலில் இருந்தேன் என்று உனக்குத் தெரியும். நீ ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெரிய ஆர்த்தோ செருப்பைப் போட்டுக்கொண்டு கோலூன்றி நின்றாய். ஃபாரத்தை நீட்டியதும், "குடு, இப்ப எம் முறை" என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டாய். தந்தவர் யார் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. அடுத்த இரண்டு நாள் செய்தித்தாளை அறைக்குள் கொண்டுவராதே என்று சிவசங்கரியிடம் சொன்னேன். ஆனால் ஒன்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த வீட்டில் யாரோ ஒருவர், அம்மாவோ அண்ணனோ, அன்று ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்காக அந்த வீட்டில் யாரும் அவரோடு பேசாமல் இருந்துவிடக் கூடாது.

இனி சொல்ல வேண்டியது. உன் தீமிதிக் கடிதம் எனக்கு வந்தது மே 25, சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு. ஈர மணல் என்ற இடத்துக்கு வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மாவில் விழுந்த கால் அடையாளத்தை நான் இரண்டாவது தடவை படிக்கவே இல்லை. உடனே போன் செய்திருக்கலாம். உன் எண் என்னிடம் இல்லை என்பது உண்மை, ரங்கனிடம் கேட்டால் கிடைக்கும் என்பதும் உண்மை. கடிதத்தை மடித்து பீக்கருக்குக் கீழே வைத்தேன். சனி, ஞாயிறு போயிற்று. திங்கட்கிழமை டயாலிசிஸ் நாற்காலியில் நாலு மணி நேரம் இருந்தேன். நான் சொல்லாவிட்டாலும் ஜூன் பத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அதுவரையாவது எனக்கு ஒரு கிட்னி இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் அதில் ஒரு காரணமும் இல்லை. செவ்வாய்க்கிழமைதான் எழுதினேன்.

மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக நீ எழுதியிருந்தாய். இரண்டாவது விரல் என்னுடையது. அப்பாவுக்காக இரண்டு நாள் காத்திருக்க மறுத்தவள், எனக்காக மூன்று நாள் காத்திருந்தேன். வருத்தம் வேறு, தவறு வேறு என்று உனக்குப் பாடம் நடத்தினேன். இது தவறு.

நீ என்ன செய்ய நினைத்தாலும் நியாயம்தான். ஏப்ரல் ஏழாம் தேதி செக்கப்புக்கு வேலூர் வருகிறேன். பஸ் கண்ணமங்கலத்தில் நிற்கும்போது நான் இறங்கலாமா, வேண்டாமா என்று மட்டும் எழுது.

இளவரசி

* * *

கண்ணமங்கலம்
25-3-2025

அன்புள்ள அக்காவுக்கு,

பெரிய எழுத்தில் எழுதுகிறேன், நீயே படி. முனியம்மாவிடம் கொடுக்காதே.

எனக்குத் தெரியும். போன வருஷம் மே மாதமே தெரியும். புளி மூட்டைக்கு நடுவே என்னை உட்கார வைத்துக்கொண்டு போகும்போது ரங்கன் சும்மா இருப்பானா? "மொதலாளி, சனிக்கெழம ஒங்க லெட்டரு வந்ததுலேந்து டீச்சரு சோறே துன்னலியாம். முனியம்மா சொல்லிச்சு. மூணு நாளா செவுத்தயே பாத்துனு ஒக்காந்துனு இருந்தாங்களாம். அப்படி இன்னா எழுதின நீ?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். டாக்டர் மூன்று நாள் என்றபோது எனக்கு அது ஞாபகம் வந்தது. வேண்டுமென்றேதான் அதை உனக்கு எழுதினேன். படித்துவிட்டு வருகிறாயா என்று பார்க்கலாம் என்று. டயாலிசிஸை விட்டுவிட்டு, முகம் வீங்கி, கால் வீங்கி, எட்டு மணிக்கெல்லாம் வந்து நின்றாய். அத்தோடு என் கேள்வி முடிந்துவிட்டது.

நீ மூன்று நாள் எழுதவில்லை. நான் ஒன்பது வருஷம் எழுதவில்லை. இதில் யார் யாரைக் கேட்பது?

இந்த வருஷம் தீமிதிக்கு அன்பரசன் வந்து கூப்பிட்டான். "நீ வந்தாத்தாம்பா களை கட்டும், அருள் எறங்கின கால்" என்றான். செருப்பைக் கழற்றிக் காட்டினேன். டீகூடக் குடிக்காமல் போய்விட்டான். இப்போது மாசாமாசம் சர்க்கரை பார்க்கிறேன். போன மாதம் அன்பரசனையும் இழுத்துக்கொண்டு போய்ப் பார்க்க வைத்தேன். அவனுக்கு இல்லை. சுட்டது என்று குதித்தானே, அதற்காக அம்மனுக்கு அவன்தான் பொங்கல் வைக்க வேண்டும்.

ஏழாம் தேதி கண்ணமங்கலத்தில் இறங்கு. பஸ் ஸ்டாண்டுக்கு நான் வர மாட்டேன், அந்தக் கூட்டத்தில் நின்று என்னைத் தேடாதே. மில்லையும் அன்று மூடிவிடுகிறேன், மாவுத் தூசி உனக்கு ஆகாதாம். நேராக வீட்டுக்கு வந்துவிடு. வாசலைத் தாண்டி உள்ளே வா. சிவசங்கரி சொம்பை விளக்கி வைத்திருக்கிறாள்.

அந்தக் கண்ணாடி பீக்கரைப் பள்ளிக்கூடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடு. பிள்ளைகளுக்குப் பாடத்துக்கு வேண்டியிருக்கும்.

உன் தம்பி,
புருஷோத்து